"யக்கா, ஊட்டிக்குக் கிளம்புறோம்": மருந்துக்கடை கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக பார்மசிஸ்டாக நிற்கிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், தெருவுக்குத் தெரு டூர் சீட்டு போட்டவர்கள் வேன் பிடித்து ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று கிளம்பிவிடுவார்கள். கடைக்கு எப்போது வருவார்கள் என்றால், வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது. அந்த அவசரத்தில் சொல்லி முடிக்க முடியாததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. வழக்கமான மாத்திரையை நிறுத்துவதும் மாற்றுவதும் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

யக்கா, ஊட்டில ஆக்சிஜன் கம்மியாமே? மூச்சு முட்டுமா?

முட்டாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 சொச்சம், ஏற்காடு 1,500, ஏலகிரி 1,100. உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டி, அங்கேயே சில மணி நேரமாவது தங்கினால்தான் தலைகாட்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பது உண்மைதான். ஆனால் அங்கே போய் ஒரு டீ, நாலு போட்டோ, முக்கால் மணியில் இறங்கிவிடுகிறோம்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு ராயபுரத்திலும் 21 சதவீதம், ஊட்டியிலும் 21 சதவீதம். காற்றழுத்தம்தான் அங்கே குறைவு, இங்கே இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். அதனால் படியேறினால் இங்கே வாங்குவதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் மூச்சு வாங்கும். முதல் நாள் நிதானமாக நடந்தால் சரியாகிவிடும். வீட்டு மாடிப்படி ஏறவே நின்று நின்று ஏறுகிறவர்கள் மட்டும் கிளம்பும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதயம், நுரையீரல் மட்டுமல்ல, ரத்தசோகையும் இதில் சேர்த்தி. நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

பச்சைக் கற்பூரம் துணியில கட்டி மோந்தா ஆக்சிஜன் ஏறுமாமே? வாட்ஸ்அப்ல வந்துது.

ஏறாது. மூக்கில் ஜில்லென்று இருப்பதால் மூச்சு நன்றாகப் போவதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். அந்தப் பொட்டலத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரைக்கும் போகும். நான் கற்பூரம் கொடுப்பதில்லை. ஊட்டிக்குப் போகிறவருக்கு ஆக்சிஜன் டப்பாவும் விற்பதில்லை. முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

வளைவுல பசங்க வாந்தி எடுக்குதுங்க. இன்னா பண்றது?

டூர் கேள்விகளில் பாதி இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வண்டி வளைவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ மடியில் இருக்கும் போனில் இருக்கிறது. எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். ஆகவே மலையேற ஆரம்பித்ததும் முதல் வேலை பிள்ளைகளிடமிருந்து போனை வாங்குவது. முன்னால் உட்கார வைத்து, கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி சீட்தான் அதிகம் ஆடும். ஆனால் எல்லா வேனிலும் பசங்களுக்கு அதைத்தான் ஒதுக்குகிறோம்.

போன வருடம் எங்கள் வேனில் ஒரு பையன் மேட்டுப்பாளையத்தில் பூரி கிழங்கு இரண்டு செட் அடித்துவிட்டு, கடைசி சீட்டில் கேம் ஆடிக்கொண்டே வந்தான். மூன்றாவது வளைவில் முன் சீட் அத்தையின் பட்டுப்புடவைக்கு அபிஷேகம். வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் கூடாது. இரண்டு இட்லி சரியான கணக்கு. எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பது சிலருக்குக் கேட்கிறது, அதில் கெடுதல் இல்லை.

வாந்தி மாத்திரை குடுன்னா, எந்த வாந்திக்குன்னு ஏன் கேக்கற?

கெட்டுப்போன சாப்பாட்டால் வரும் வாந்திக்கு டாக்டர்கள் எழுதும் ஆன்டான்செட்ரான், வளைவு வாந்திக்குப் பெரிதாகக் கேட்காது. வளைவுக்கு அவோமின் போன்ற புரோமெதாசின் வகை. அதையும் வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. மலையேறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும், அல்லது ராத்திரி வேனாக இருந்தால் படுக்கும்போது.

தூக்கம் வரும். அதனால் வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது. சாராயத்தோடு சேரக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. கண் அழுத்தம் உள்ளவர்களும், புராஸ்டேட் தொந்தரவால் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிற பெரியவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதைச் சொன்னால்தான் அளவு சொல்ல முடியும். "ஒரு அட்டை குடு, நாங்க பாத்துக்குறோம்" என்றால் நான் கொடுக்க மாட்டேன்.

காது அடைச்சுக்குது, கைக்குழந்தை கத்துது.

ஏறும்போதும் இறங்கும்போதும் வெளிக்காற்றின் அழுத்தம் மாறுவதால் அடைக்கிறது. பெரியவர்கள் எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறந்துவிடும். குழந்தைக்குப் பால் கொடுங்கள், உறிஞ்சி விழுங்கும்போது சரியாகும். இறங்கும்போதுதான் வலி அதிகம், அப்போது குழந்தை தூங்கினால் எழுப்பிவிட்டுக் கொடுக்கலாம். கடும் சளியோ காது வலியோ இருக்கிற குழந்தையை அந்த வாரம் கூட்டிப் போகாமல் இருப்பது நல்லது.

மே மாசத்துல எதுக்குக்கா ஸ்வெட்டர்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். நமக்கு 38 என்றால் ஊட்டியில் பகல் 23, 24. ராத்திரி 12 வரை இறங்கும். மழை பெய்து துணி நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால் 12 டிகிரியே உடம்பை நடுக்கிவிடும். ஒரே ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட, பனியன், முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர் என்று அடுக்காகப் போடுவது கதகதப்பு. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வாங்கும்போது சாக்ஸ் இரண்டு ஜோடி சேர்த்து வாங்குங்கள். ஈர சாக்ஸோடு தூங்கப் போகிறவர்களுக்குத்தான் ராத்திரியெல்லாம் குளிர்.

குளிர் தெரிகிறதே, வெயில் சுடாது என்று நினைக்காதீர்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். படகுக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து, காசிமேட்டில் வலை இழுத்தாலும் கறுக்காத மூக்கு ஊட்டியில் தோல் உரிந்துவிட்டது என்று ஒரு அண்ணன் கேட்டார். தொப்பி போதும்.

நாலு நாளைக்கு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை நிறுத்திக்கலாமா? வேன்ல பாத்ரூம் தொல்ல.

இந்தக் கேள்வியைப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலைவரை வேன். நடுவில் நிற்கும் இடத்துக் கழிப்பறையின் நிலைமை நமக்குத் தெரியும். அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். பிறகு, அதிகம் சிறுநீர் போக வைக்கும் மாத்திரையை நிறுத்துவார்கள். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். நானே ஒருமுறை கொடைக்கானலுக்கு அப்படிப் போய், இரண்டாம் நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக லாட்ஜில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மற்றவர்கள் படகில் போனார்கள். மருந்து விற்கிறவளுக்கே இந்தக் கதி.

நிறுத்தக் கூடாது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் தானாகவே ஏறும், அந்த நேரத்தில் மாத்திரையும் இல்லையென்றால் இரட்டை அடி. உங்கள் பிரஷர் மாத்திரையில் நீர் மாத்திரை கலந்திருக்கிறதா, பயண நாளில் வேளையை மாற்றிப் போடலாமா என்று ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் வழி இருக்கும். வேன் பேசும்போதே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்த வேண்டும் என்று டிரைவரிடம் ஒத்துக்கொள்ள வையுங்கள். ஆண்கள் இதைப் பேச மாட்டார்கள், நீங்கள்தான் பேச வேண்டும்.

சுகர்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் உண்டு. பூங்காவில் மேடேறி நடந்தால் சுகர் இறங்கும், அதுவும் சாப்பாடு தள்ளிப்போனால் சடாரென்று இறங்கும். சட்டைப்பையில் நாலு சாக்லேட்டோ கடலை மிட்டாயோ வேண்டாம், அவை மெதுவாகத்தான் ஏற்றும். குளுக்கோஸ் பொட்டலமோ சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். வெயிலில் நிற்கும் வேனிலும் விட்டுப் போகாதீர்கள். மருந்தை இரண்டு பங்காக்கி இரண்டு பையில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மறு பை இருக்கும்.

எனக்கு வீசிங். மலைக்காத்து நல்லதுதானே?

எண்ணூர், மணலிப் புகையை விட்டுப் போகிறோமே என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் வீசிங்கைக் கிளப்ப குளிர்காற்றும், லாட்ஜ் கம்பளியின் பூஞ்சை வாடையும், கேம்ப் ஃபயர் புகையுமே போதும். இன்ஹேலரைப் பெட்டியில் அடியில் போட்டு, பெட்டியை வேன் கூரையில் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கையிலேயே இருக்க வேண்டும். எத்தனை அழுத்து மிச்சம் என்று கிளம்பும் முன் பாருங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடி நடந்தால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும்.

லாட்ஜ்ல குளிருச்சுன்னா அடுப்புக்கரி தணலை ரூமுக்குள்ள வெச்சுக்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. தலை வலிக்கும், அசதியாக வரும், குளிரில் தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுப்பார்கள். பிறகு எழ மாட்டார்கள். வெளியே பார்பிக்யூ போட்டுவிட்டு மிச்சத் தணலை அறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் கொடைக்கானலில் செத்திருக்கிறார்கள். தணல் அணைந்த மாதிரி இருந்தாலும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும்.

கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குளிக்க வேண்டும். ஒரே அறையில் படுத்த இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி என்றால் மாத்திரை தேடாமல் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்ப ரெண்டு பெக்கு?

சூடாக இருப்பதுபோல் தோன்றும். தோலுக்கு ரத்தம் ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது என்பதுதான் நிஜம். சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம்: சுகர் இறங்கிக் கிடப்பவரைப் போதையில் கிடக்கிறார் என்று விட்டுவிடுவார்கள்.

தண்ணி பாட்டில் பெட்டியா வாங்கிட்டுப் போவலாமா?

நீலகிரியில் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. மலையடிவாரச் சோதனையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஊரில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 92, 93லேயே கொதித்துவிடும். கிருமி சாக அதுவே போதும், பருப்பு வேகத்தான் நேரமாகும். தண்ணீரோடு சம்பந்தமில்லை என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற கணக்கும் உண்டு. ஆன்லைனில் எடுக்காமல் போய் அடிவாரத்தில் நின்ற வேன்களை எனக்குத் தெரியும்.

நைட்டெல்லாம் ஓட்டினு போனா காலைல ஊட்டி. டிரைவர் அண்ணன் எக்ஸ்பர்ட்டு. பயப்படணுமா?

பயப்படத்தான் வேண்டும். சென்னையிலிருந்து ஊட்டி சுமார் 550 கிலோமீட்டர். விடிய விடிய ஓட்டியவர் கண்ணெரிச்சலோடு மலையேறுவதுதான் இந்தப் பயணத்திலேயே பெரிய ஆபத்து. மேட்டுப்பாளையத்தில் அவர் மூன்று மணி நேரமாவது படுத்துத் தூங்கட்டும். நீங்கள் டீ குடித்துக் காத்திருங்கள். முடிந்தால் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வரை தூங்கிக்கொண்டே போய், அங்கே மலை ஓட்டிப் பழகிய உள்ளூர் வண்டி எடுப்பது மேல். பாத்ரூம் கவலையும் அதில் தீர்ந்துவிடும்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவரோடு போகாதீர்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் வெட்கப்படாமல் ஓரம்கட்டி அரை மணி ஆற விடச் சொல்லுங்கள்.

கொரங்கு லேசா கீறிச்சு, ரத்தமே வரல. ஊருக்கு வந்து பாத்துக்கலாமா?

அங்கேயே பாருங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி முதல் ஊசி. மீதி மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள்களில். அவற்றை ஊர் திரும்பி ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம், சீட்டைத் தொலைக்காதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. கொடைக்கானல் தெருவில் மாடு மாதிரி நிற்கும் காட்டெருமையோடு செல்ஃபி எடுக்கப் போகிறவர்களுக்கு என்னிடம் மருந்தே இல்லை.

அட்டை கடிச்சா ரத்தம் நிக்க மாட்டேங்குதே, விஷமா?

விஷமில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துகிறது, அதனால் கொஞ்ச நேரம் ஒழுகும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பிவிட்டு, கழுவி, துணி வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

ஒரிஜினல் நீலகிரி தைலம் வாங்கினேன். பாப்பா மூக்குல ஒரு சொட்டு விடட்டா?

விடாதீர்கள். கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் அது மூச்சையே நிறுத்தக்கூடும். விளையாட்டாகச் சில மில்லி குடித்த பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். பெரியவர்கள் மூட்டுக்குத் தேய்த்துக்கொள்ளலாம். பாட்டில் பரணில் இருக்கட்டும்.

வெள்ளியங்கிரி போறோம். ஊட்டியவிட உயரம் கம்மிதானே?

கம்மிதான். முதல் பதிலில் சொன்ன உயரக் கணக்கு இங்கே உதவாது. ஏழு மலை, செங்குத்து ஏற்றம், ராத்திரியில் தூக்கமில்லாமல், பலர் விரதத்தோடு. இதயத்துக்கு அதுதான் சோதனை. பிப்ரவரி முதல் மே வரை அனுமதிக்கும் அந்தச் சீசனில் வருடா வருடம் சாவுச் செய்தி வருகிறது, அதில் இளவயதுக்காரர்களும் உண்டு. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் மாடிப்படி ஏறிப் பழகாதவர்கள், நெஞ்சடைப்பு, சுகர், வீசிங் உள்ளவர்கள் போக வேண்டாம் என்பது என் கருத்து. நெஞ்சை அழுத்தினால், தாடையோ இடது கையோ வலித்தால், குளிர்வியர்வை விட்டால் அது வாயு இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஆள் கூப்பிடுங்கள்.

மணலிலேர்ந்து மனாலி போறோம். அங்கயும் இதே கதைதானா?

மனாலி ஊருக்குள் இதே கதைதான், 2,050 மீட்டர். ஆனால் அங்கே போகிறவர்கள் ரோதாங் கணவாய் போகாமல் திரும்ப மாட்டார்கள். அது 3,978. லே நகரம் 3,500, கேதார்நாத் 3,583. இங்கே எல்லாக் கணக்கும் மாறுகிறது. லேவுக்கு விமானத்தில் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையில் படுத்திருப்பதுதான் டூர். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து டாக்டர்கள் கொடுப்பார்கள். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரமரக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சீட்டில்லாமல் தர மாட்டேன்.

தலைவலியோடு குமட்டலும் அசதியும் வந்தால் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், ராத்திரியானாலும் கீழே இறக்குங்கள். ஆக்சிஜன் கிடைத்தால் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள், அதை நம்பி அங்கேயே தங்காதீர்கள்.

டூர் முடிஞ்சு பத்து நாளாச்சு. இப்ப காய்ச்சல். டூருக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?

இருக்கலாம். புல்வெளியிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும். கடித்த அன்று எதுவும் தெரியாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி. நம் பகுதியில் உடனே டெங்கு டெஸ்ட் எடுப்பார்கள், இல்லையென்று வரும், பாராசிட்டமாலோடு இன்னும் நாலு நாள் போகும். அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இத்தனைக்கும் நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்திலேயே கேட்டுவிடும் நோய் இது.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் என்று துணி மறைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். டாக்டரிடம் போகும் முன் வீட்டில் யாரையாவது விட்டு நல்ல வெளிச்சத்தில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் கேட்காவிட்டாலும், "போன மாசம் மலைக்குப் போய் புல்லுல உக்காந்தோம்" என்று சொல்லிவிடுங்கள்.